வாரன் ஹேஸ்டிங்ஸும் இரு நாட்டு நீதியும்

நீதி என்பது ஞாயிற்றின் ஒளியைப் போல எந்நாட்டும் ஒரு தன்மைத்தாய் விளங்கற்பாலதோ, அன்றி மழைநீரைப் போலத் தான் வீழ்ந்த மண்ணின் நிறத்தை ஏற்கற்பாலதோ என்பது அறிஞர் பலரும் பன்முறை ஆராய்ந்த வினாவாகும். இவ்வினா நூல்களில் மட்டும் எழுந்ததன்று. 1775ஆம் ஆண்டு கல்கத்தா நகரில் ஒரு முதியவரின் கழுத்திற் கயிறாக வீழ்ந்ததும், 1788 முதல் 1795 வரையில் இலண்டன் மாநகரில் ஓர் அதிகாரியைக் குற்றஞ்சாட்டப்பட்டோர் நிற்குமிடத்தில் நிறுத்தியதும் இவ்வினாவே. இவ்விரு நிகழ்ச்சிகட்கும் நடுவில் நின்றவர் வங்காளத்தின் முதற் கவர்னர் ஜெனரலாகிய வாரன் ஹேஸ்டிங்ஸ். அவர்தம் வரலாற்றைச் சுருங்கக் கூறி, பரிதானம் பெற்றாரென ஐயுறப்பட்டாரைத் தொடருமிடத்து இங்கிலாந்து நாட்டு நீதியும் அந்நாட்டார் ஆண்ட வங்காளத்து நீதியும் எங்ஙனம் வேறுபட்டு நின்றன என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையில் யாம் மேற்கொண்ட முயற்சியாம்.

இளமை

ஹேஸ்டிங்ஸ் 1732ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 6ஆம் நாள் ஆக்ஸ்போர்டு மாவட்டத்துச் சர்ச்சில் என்னும் சிற்றூரிற் பிறந்தார். பிறந்த சின்னாட்களில் அன்னையார் இறந்தார். தந்தையாரோ மகவைப் பேணாது மேற்கிந்தியத் தீவுகட்குச் சென்றுவிட்டார். திருச்சபைக் குருவாய் விளங்கிய பாட்டனாரே எளிய வருவாயிற் குழந்தையை வளர்த்தார். டேல்ஸ்போர்டு என்னும் பண்ணை அக்குடும்பத்தார் வழிவழியாக ஆண்ட நிலம். அது கடனிற் கைமாறிப் போயிருந்தது. ஏழாண்டுச் சிறுவனாய் ஓர் ஓடைக்கரையிற் கிடந்தபோது, முன்னோர் இழந்த அந்நிலத்தை என்றேனும் மீட்பேன் என உள்ளத்துள் உறுதி கொண்டதாக முதுமையில் ஹேஸ்டிங்ஸே நினைவுகூர்ந்துள்ளார். அவர் பின்னாளிற் செய்த செயல்கள் பலவற்றிற்கு இவ்வேட்கை ஒரு திறவுகோல் ஆகும்.

சிற்றப்பனார் ஒருவர் அவரை இலண்டனுக்கு அழைத்துச் சென்று வெஸ்ட்மின்ஸ்டர்ப் பள்ளியிற் சேர்த்தார். 1747ஆம் ஆண்டு உபகாரச் சம்பளத் தேர்வில் ஹேஸ்டிங்ஸ் முதல்வராகத் தேறினார். பிற்காலத்தில் கல்கத்தாவின் தலைமை நீதிபதியான எலைஜா இம்பே அப்பள்ளியில் அவருடன் பயின்ற தோழர். ஆயின், சிற்றப்பனார் இறக்கவே பொறுப்பேற்ற உறவினர், இலத்தீனும் கிரேக்கமும் பயின்றது போதுமெனக் கருதிக் கணக்கு எழுதும் பயிற்சி பெறச் செய்து, கிழக்கிந்தியக் கும்பினியில் எழுத்தர் வேலை தேடிக் கொடுத்தார். கல்லூரிக் கல்வியை விரும்பிய மாணவன் பதினேழாம் வயதிற் கப்பலேறினான். 1750இல் வங்காளம் வந்தடைந்தான்.

கும்பினி ஊழியம்

அக்காலத்துக் கும்பினி எழுத்தருக்கு ஆண்டொன்றுக்குச் சம்பளம் 5 பவுன். இத்தொகையில் எவரும் உயிர் வாழ இயலாது என்பதைக் கும்பினித் தலைவர் நன்கறிவர். தனி வாணிகத்தாலும் அன்பளிப்புக்களாலும் குறையை நிரப்பிக் கொள்ளட்டும் என்பதே எழுதாத ஏற்பாடு. பரிதானம் என்னும் நச்சுமரத்திற்கு விதையூன்றியது இவ்வேற்பாடே என்பதை யாம் ஈண்டுக் குறித்தல் வேண்டும். குறைந்த கூலி கொடுத்து நிறைந்த அதிகாரத்தைக் கையில் ஒப்புவிப்பார், பின்னர்க் களவு நிகழ்ந்ததென அலமருதல் வியப்பே!

ஹேஸ்டிங்ஸ் காசிம்பசாரில் பட்டு வாணிகம் பார்த்தார். 1756இல் நவாபு சிராஜ் உத்தௌலா படையெடுத்தபோது சிறைப்பட்டு மீண்டார். பிளாசிப் போருக்குப் பின் முர்ஷிதாபாது தர்பாரில் கும்பினியின் பிரதிநிதியாக அமர்ந்தார். 1761இற் கல்கத்தா ஆலோசனைச் சபை உறுப்பினரானார். அந்நாளில் ஆங்கில வணிகரும் அவர்தம் குமாஸ்தாக்களும் சுங்கம் செலுத்தாது உள்நாட்டு வாணிகத்தைக் கைப்பற்றி, குடிமக்களை வருத்தி வந்தனர். ஹேஸ்டிங்ஸ் இக்கொடுமையைக் கண்ணாரக் கண்டு 1762இல் கவர்னர் வான்சிட்டார்ட்டுக்கு எடுத்தெழுதினார். சபையில் பெரும்பான்மையோர் எதிர்த்தும் அவர் பக்கமே நின்றார். 1765இல் தாய்நாடு திரும்பியபோது, அவர்தம் காலத்தார் பலர் பெற்றுவந்த பெருஞ்செல்வம் அவரிடம் இல்லை. நான்காண்டுகளில் மீண்டும் வேலை தேடி, கடன் பெற்றே கப்பலேறினார்.

அம்முறை அவர் வந்திறங்கியது நம் சென்னைப்பட்டினம். 1769 முதல் 1772 தொடக்கம் வரையில் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆலோசனைச் சபையில் இரண்டாமவராய் இருந்து, கும்பினியின் துணிக் கொள்முதலை மேற்பார்த்தார். நெசவாளர்க்கும் கும்பினிக்கும் இடையே நின்று இரு பக்கத்தும் ஊதியம் கவர்ந்த தரகரை விலக்கி, நெசவாளரோடு நேரே கணக்கு வைக்க முயன்றதால் கொள்முதல் சீர்பட்டது. இம்முயற்சி கண்டு மகிழ்ந்த கும்பினித் தலைவர் அவரை வங்காளத்துக் கவர்னராக உயர்த்தினர்.

ஐயமும் சிறையும்

1772இல் ஹேஸ்டிங்ஸ் ஏற்ற வங்காளம் 1770ஆம் ஆண்டுப் பெரும் பஞ்சத்தால் பாழ்பட்டுக் கிடந்தது. குடிகளில் மூன்றில் ஒரு பங்கினரேனும் மாண்டனர் என்பது அவரே மேலிடத்திற்கு எழுதிய மதிப்பு. அவ்வாறாகியும் வரித்தொகை குறையாது தண்டப்பட்டது என்பதையும் அவரே எழுதியுள்ளார்.

பொக்கிஷம் ஏன் வறண்டது எனக் கேட்ட கும்பினித் தலைவர், வருவாய்த் துறையை நடத்திவந்த முகம்மது ரேசா கானைச் சிறைப்படுத்தி ஆராயுமாறு இலண்டனிலிருந்து மறைவான கட்டளை விடுத்தனர். ஹேஸ்டிங்ஸ் கட்டளையை உடனே நிறைவேற்றினார். ரேசா கானும் பீகாரில் அவரையொத்த பதவியிலிருந்த சிதாப் ராயும் பிடிக்கப்பட்டுக் கல்கத்தாவுக்குக் கொணரப்பட்டனர். முதலிற் காவல், பின்னர்க் குற்றம் தேடல் என்பதே கையாளப்பட்ட முறை. ரேசா கான்மீது சான்று திரட்ட உதவியவர் அவர்தம் பழம்பகைவராகிய மகாராஜா நந்தகுமார் என்னும் அந்தணர். ஈராண்டளவு ஆராய்ந்தும் குற்றம் நிலைபெறாமையால் இருவரும் விடுவிக்கப்பட்டனர். சிதாப் ராய் மனமுடைந்து விரைவில் இறந்தார்.

இந்நாட்டவர்மீது ஐயம் எழுந்தவழி நீதியின் நடை இத்துணை விரைவுடையதாயிற்று. ஆங்கில அதிகாரிமீது ஐயம் எழுந்தவழி அது யாங்ஙனம் நடந்தது என்பதை இனிக் காண்போம்.

நந்தகுமார் வழக்கு

1773இல் ஆங்கிலப் பாராளுமன்றம் ஒழுங்குச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதன்படி ஹேஸ்டிங்ஸ் கவர்னர் ஜெனரலானார். ஆண்டுச் சம்பளம் 25,000 பவுன். கிளேவரிங், மான்சன், பார்வெல், பிலிப் பிரான்சிஸ் என்னும் நால்வர் ஆலோசனைச் சபையினர். கல்கத்தாவில் சுப்ரீம் கோர்ட்டு என்னும் நீதிமன்றம் நிறுவப்பட்டு, இம்பே தலைமை நீதிபதியாக 1774இல் வந்து சேர்ந்தார்.

அச்சட்டத்தின் பிரிவுகளை நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். கவர்னர் ஜெனரல் முதலானோர் அன்பளிப்புப் பெறலாகாது என அது விலக்கிற்று, இது நன்றே. ஆயின், கவர்னர் ஜெனரல்மீதும் சபையினர்மீதும் இராஜத்துரோகமும் கொலை முதலிய பெருங்குற்றங்களும் ஒழிந்த பிற குற்றங்களைக் கல்கத்தா நீதிமன்றம் ஆராய அதிகாரமில்லை என்றும் அச்சட்டமே வரையறுத்தது. பரிதானம் ஆங்கிலச் சட்டத்திற் பெருங்குற்ற வகையைச் சார்ந்ததன்று. ஆகவே, வங்காளத்தில் பரிதானம் வாங்கிய கவர்னர் ஜெனரலை வங்காளத்தில் விசாரிக்க வழியில்லை. இலண்டனிலுள்ள கிங்ஸ் பெஞ்சு நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுத்தல் வேண்டும்; சாட்சிகள் கூறுவதைக் கல்கத்தாவில் எழுதுவித்துக் கடல் கடந்து அனுப்புதல் வேண்டும். ஏறத்தாழ ஆறு திங்கள் ஓடும் கப்பல்வழியே நீதிக்குச் செல்லும் வழியாயிற்று. முறையிட்டோர் வங்காளத்து ஏழையாயின் அவர்க்கு அவ்வழி அடைபட்ட வழியேயாம்.

1775ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் நந்தகுமார் எழுதிய முறையீடு சபைமுன் வைக்கப்பட்டது. இளைய நவாபின் பாதுகாவலை முன்னி பேகத்திற்கும், அரண்மனைத் திவான் பதவியைத் தம் மகன் குருதாசுக்கும் அளித்தற்காக ஹேஸ்டிங்ஸ் 3,54,105 ரூபாய் பெற்றார் என்பது அதன் சாரம். ஹேஸ்டிங்ஸுடன் மாறுபட்ட கிளேவரிங், மான்சன், பிரான்சிஸ் மூவரும் அதனை ஏற்று ஆராயத் தலைப்பட்டனர். தம் சபையிலேயே தாம் குற்றவாளியாய் அமர ஒருப்படாத ஹேஸ்டிங்ஸ், கூட்டம் கலைந்ததெனக் கூறி எழுந்து போயினார். மூவரும் பணம் பெற்றது உண்மையென முடிவு செய்து, அதைத் திருப்பித் தருமாறு தீர்மானித்தனர். தீர்மானம் ஏட்டில் நின்றது, நீதிமன்றம் ஏறவில்லை.

மே 6ஆம் நாள் நந்தகுமார் பிடிக்கப்பட்டார். குற்றம் வேறு: இறந்துபோன ஒரு வணிகரின் பெயரால் பொய்ப்பத்திரம் புனைந்தார் என்பது. வழக்காடியவர் மோகன் பிரசாத் என்பார். ஜூன் 8 முதல் 16 வரையில் இம்பேயும் ஏனை மூன்று நீதிபதிகளும் பன்னிரண்டு ஐரோப்பிய ஜூரிகளும் விசாரித்துக் குற்றவாளி என்றனர். ஆகஸ்டு 5ஆம் நாள் அம்முதியவர் தூக்கிலிடப்பட்டார்.

ஈண்டு ஆராயத் தக்கது ஒன்றுண்டு. பொய்ப்பத்திரத்திற்கு மரணதண்டனை விதித்தது இரண்டாம் ஜார்ஜ் மன்னர் காலத்து ஆங்கிலச் சட்டம். கடன்பத்திரத்தை நம்பி நடைபெறும் இலண்டன் வாணிகத்தைக் காத்தற்காகப் பிறந்த சட்டம் அது. வங்காளத்து இந்து முஸ்லிம் வழக்கங்களில் அக்குற்றத்திற்கு உயிர்த்தண்டனை இல்லை. 1765இல் கல்கத்தாவில் இதே குற்றத்திற்கு மரணதண்டனை பெற்ற ஒரு வங்காளியும் மன்னிக்கப்பட்டார். நந்தகுமார் செய்ததாகக் கூறப்பட்ட செயலோ சுப்ரீம் கோர்ட்டு தோன்றுவதற்கு முன்னரே நிகழ்ந்தது. மன்னரிடம் மேல்முறையீடு செய்ய விடைதரவும், தண்டனையை நிறுத்தி வைக்கவும் நீதிபதிகட்கு அதிகாரம் இருந்தது. இரண்டையும் அவர் செய்திலர். உரோமக் குடியுரிமை பெற்ற பவுல் அப்போஸ்தலர் இராயனுக்கு அபயமிட்டபோது, தேசாதிபதி பெஸ்து அவரை உரோமாபுரிக்கு அனுப்பாதிருக்க இயலவில்லை. மன்னரின் நீதியால் தண்டிக்கப்பட்ட நந்தகுமாருக்கோ மன்னரை அணுகும் வழி கிட்டவில்லை.

இவ்வழக்கை ஹேஸ்டிங்ஸ் தூண்டினாரா என்பதில் வரலாற்று நூலோர் இன்றும் ஒருமைப்பட்டிலர். 1885இல் ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் இம்பே நெறிதவறவில்லை என நூலெழுதினார். அடுத்த ஆண்டே ஹென்றி பெவரிட்ஜ் அதனை மறுத்து நூலெழுதினார். தூண்டினார் என முடிவு கட்ட யாம் துணியோம். நந்தகுமாரைத் தூண்டிவிட்ட சபையினரும் அவரைக் காக்க முன்வரவில்லை. இறப்பதற்கு முன் அவர் விடுத்த விண்ணப்பத்தைக் கிளேவரிங் ஆகஸ்டு 14ஆம் நாளே சபைமுன் வைத்தார். அது தூக்கிடுவோன் கையால் எரிக்கப்படுமாறு தீர்மானிக்கப்பட்டது. எனினும், ஒன்று ஐயத்திற்கு இடமின்றி விளங்குகின்றது. குற்றஞ்சாட்டியவரைத் தூக்கிலிடுதற்கு ஆங்கிலச் சட்டம் முழுவலிமையுடன் கடல் கடந்து வந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவரை விசாரித்தற்கு அச்சட்டமே கரையிறங்க மறுத்தது. அதன்பின் கவர்னர் ஜெனரல்மீது வாய்திறக்க வங்காளத்தில் எவர் துணிவர்?

ஆட்சியும் அருஞ்செயலும்

1776இல் மான்சனும் 1777இல் கிளேவரிங்கும் இறக்கவே ஹேஸ்டிங்ஸின் கை ஓங்கிற்று. 1780 ஆகஸ்டு 17ஆம் நாள் துப்பாக்கி ஏந்திய இருவர் போரில் பிரான்சிஸ் காயமுற்று, பின்னர் இங்கிலாந்துக்கு மீண்டார். 1781இல் பாராளுமன்றம் மற்றொரு சட்டம் இயற்றி, கவர்னர் ஜெனரலும் சபையினரும் அரசாங்க முறையிற் செய்த செயல்களைச் சுப்ரீம் கோர்ட்டின் அதிகாரத்திற்குப் புறம்பாக்கிற்று. முன்னரே இருந்த மதிலின்மேல் பின்னும் ஒரு வரிசைக் கல் ஏற்றப்பட்டது.

அவர்தம் நற்செயல்களையும் மறைத்தல் முறையன்று. 1772இலேயே அவர் வகுத்த திட்டத்தின்படி, மணம், சொத்துரிமை முதலியவற்றில் இந்துக்கட்குச் சாஸ்திரமும் முஸ்லிம்கட்குக் குர்ஆன் வழிச் சட்டமும் நீதியாயின. பண்டிதர் தொகுத்த தருமநூலை ஹால்ஹெட் ஆங்கிலத்திற் பெயர்த்து 1776இல் வெளியிட்டார். கல்கத்தா மதரஸா அவரால் நிறுவப்பட்டது. 1784இல் தோன்றிய ஆசியக் கழகத்திற்கு அவர் ஆதரவளித்தார். வில்கின்ஸ் பெயர்த்த பகவத்கீதை 1785இல் அவர்தம் முகவுரையோடு வெளிவந்தது. அவரவர் வழக்கப்படியே அவரவர்க்கு நீதி வழங்குதல் வேண்டும் எனத் திட்டம் வகுத்தவரின் ஆட்சியிலேயே நந்தகுமார் அயல்நாட்டுச் சட்டத்தால் மடிந்தார் என்பது நினைதோறும் நெஞ்சை வருத்துவதாம்.

பிரெஞ்சுக்காரரோடும் மராட்டியரோடும் ஹைதர் அலியோடும் நடந்த போர்கள் பொக்கிஷத்தை வற்றச் செய்தன. காசி மன்னர் சேத் சிங்கிடம் உடன்படிக்கைக்கு மேற்பட்டு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் கேட்டும், 1781இல் நேரே சென்று அவரைக் காவலில் வைத்தும் ஹேஸ்டிங்ஸ் ஒரு கிளர்ச்சியை எழுப்பிவிட்டார். அயோத்தி அரசியரின் செல்வத்தைப் பறிக்க நவாபுக்கு உடந்தையானார். அரசியரின் முதிய ஊழியர் விலங்கிடப்பட்டனர். அயோத்தி நவாபு அளித்த 10 இலட்சம் ரூபாயைத் தாமே வைத்துக்கொள்ளக் கும்பினித் தலைவரிடம் இசைவு கேட்டார், அவர் இசைந்திலர். வேறு சில அன்பளிப்புக்களைப் பெற்றுக் கும்பினிச் செலவிற்கே தந்தாரெனினும், அவற்றைத் தம் பெயரிற் கடன் கொடுத்ததாக எழுதி வைத்துக் காலந்தாழ்த்தே மேலிடத்திற்கு அறிவித்தார். தமக்கென வாங்கினாரோ, கும்பினிக்கென வாங்கினாரோ, கணக்கு இருளில் இருந்தது என்பது மெய். இருளிற் கிடக்கும் கணக்கே ஐயத்தின் தாய்.

சொத்துக் கணக்குச் சட்டம்

ஹேஸ்டிங்ஸ் திரும்புமுன்னரே, 1784இல் பிட் என்னும் இளைய முதலமைச்சர் இந்தியச் சட்டம் ஒன்றை நிறைவேற்றினார். இந்தியாவில் ஊழியஞ்செய்வோர் அன்பளிப்பு வாங்குதலே வன்பறிப்புக் குற்றமாம் என அது கூறிற்று. தாய்நாடு திரும்பும் ஊழியர் ஒவ்வொருவரும் இரு திங்களுக்குள் தம் சொத்து முழுவதையும் ஆணையிட்டு எழுதித் தருதல் வேண்டும் என்றது. இந்தியக் குற்றங்களை ஆராய நீதிபதிகள் மூவர், பிரபுக்கள் நால்வர், மக்கட்சபையார் அறுவர் கூடிய தனி நீதிமன்றமும் அமைத்தது.

இங்கிலாந்தில் வாழும் ஆங்கிலேயர் எவரும் தம் செல்வம் வந்த வழியைச் சொல்லக் கடமைப்பட்டவரல்லர். குற்றத்தை மெய்ப்பித்தல் குற்றஞ்சாட்டினவர் பொறுப்பு என்பது அந்நாட்டு நெறி. இந்தியாவிலிருந்து வருவோர்க்கு மட்டும் இந்நெறி மாற்றப்படுவதா எனக் கும்பினி ஊழியர் கொதித்தெழுந்தனர். எதிர்ப்புக் கூட்டங்கள் கூடின. 1786இல் சொத்துக் கணக்குப் பிரிவு நீக்கப்பட்டது. தனி நீதிமன்றமோ ஒருமுறையும் கூடியதாகத் தெரியவில்லை. ரேசா கானுக்கும் சிதாப் ராய்க்கும் இல்லாத பாதுகாப்பு, கடல் கடந்து செல்வம் கொணர்ந்தோர்க்கு இரண்டே ஆண்டுகளில் மீண்டும் கிட்டியது.

வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம்

1785ஆம் ஆண்டு ஜூனில் ஹேஸ்டிங்ஸ் இங்கிலாந்து சேர்ந்தார். பட்டமும் பாராட்டும் எதிர்நோக்கி வந்தவர்முன் எட்மண்டு பர்க் என்னும் நாவலர் எழுந்து நின்றார். கல்கத்தா நீதிமன்றத்தாலும் ஆகாது, கிங்ஸ் பெஞ்சாலும் ஆகாது எனக் கண்ட பர்க், பழமையான வேறொரு படைக்கலத்தை எடுத்தார். மக்கட்சபையார் குற்றஞ்சாட்ட, பிரபுக்கள் சபையார் நீதிபதிகளாய் அமர்ந்து ஆராயும் பெருவழக்கு முறையே அது. ஆங்கிலத்தில் இம்பீச்மெண்டு என்ப. 1787ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் மக்கட்சபையின் பெயரால் பர்க் பிரபுக்கள்முன் குற்றஞ்சாட்டினார்.

1788 பிப்ரவரி 13ஆம் நாள் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் வழக்குத் தொடங்கிற்று. அரசியாரும் அரச குடும்பத்தாரும் கண்டோராய் வீற்றிருந்தனர். கோடிக்கணக்கான மக்களை ஆண்டவர், மெலிந்த யாக்கையராய்ப் பிரபுக்கள்முன் முழந்தாளிட்டு எழுந்தார். பர்க் பல நாள் தொடர்ந்து உரையாற்றினார். அவர்தம் வாதத்தின் உயிர்நிலை ஒன்றே: மனிதர் பூமியின் ஒரு கோட்டைக் கடந்தவுடன் அறமும் மறமும் பெயர் மாறுவதில்லை, இலண்டனிற் பரிதானமாயது வங்காளத்திலும் பரிதானமே. ஹேஸ்டிங்ஸ் பக்கத்தார் இதற்கு நேர்மாறாக, கீழ்நாட்டு மன்னர் வரையறையற்ற அதிகாரம் உடையோர் என்றும், அவ்வழியே தாமும் ஆண்டதாகவும், காணிக்கை பெறுதல் அந்நாட்டு வழக்கமென்றும் விடையிறுத்தனர். அதற்குப் பர்க், முஸ்லிம் நூல்களும் இந்து நூல்களும் அரசனை அறத்திற்குக் கீழ்ப்படிந்தவனாகவே வைத்தன என எடுத்துக்காட்டி, தாம் ஒருமுறையும் காணாத நாட்டின் மானத்தைக் காத்தார். நந்தகுமார் கேட்டிருந்தால் நகைத்திருப்பார்; அவர் கழுத்தை ஆங்கிலச் சட்டம் நெரித்தபோது நாட்டு வழக்கம் எவர் வாயிலும் எழவில்லை.

ஆயினும் வழக்கு விரைவில் தளர்ந்தது. பாராளுமன்றப் பெருவழக்குக்குச் சாதாரண நீதிமன்றச் சாட்சிய விதிகள் பொருந்தா எனப் பர்க் வேண்டினார். பிரபுக்களோ, சாட்சிய விதிகள் அனைத்தும் பொருந்தும் என்றும், குற்றங்கள் அனைத்தையும் கூறி முடித்த பின்னரே எதிர்வாதம் தொடங்கும் என்றும் தீர்த்தனர். சான்றாகக் கொணரப்பட்டவை பெரும்பாலும் கும்பினி ஏடுகளும் ஆங்கில அதிகாரிகளின் வாய்மொழியுமே. துன்புற்றோர் கடலுக்கு அப்பால் இருந்தனர். 1790இல் பாராளுமன்றம் கலைந்தது. வழக்கு கலையுமா எனும் வாதமே நெடுநாள் நடந்தது. இருபது குற்றங்களுள் காசி, அயோத்தி அரசியர், அன்பளிப்பு, ஒப்பந்தங்கள் என்னும் நான்கே விரித்துரைக்கப்பட்டன. ஏழாண்டுகளில் பிரபுக்கள் கூடியது ஏறத்தாழ 150 நாள். தொடங்கியபோது இருந்த பிரபுக்கள் பலர் இறந்தனர். மக்களின் ஆர்வமும் இறந்தது. 1795 ஏப்ரல் 23ஆம் நாள் தீர்ப்புக் கூறியவர் 29 பேர். எந்தக் குற்றத்திற்கும் அறுவருக்கு மேற்பட்டோர் குற்றவாளி என்றிலர். ஹேஸ்டிங்ஸ் விடுதலை பெற்றார்.

விடுதலையும் தண்டனையாகவே முடிந்தது. வழக்குச் செலவு 70,000 பவுனுக்கு மேற்பட்டு அவர்தம் செல்வத்தை விழுங்கிற்று. நீதி கிட்டாதோர் வங்காளத்து முறையீட்டாளர் மட்டுமல்லர். ஏழாண்டு தொங்கவிடப்பட்டவர்க்கும் அது முழுமையாகக் கிட்டவில்லை என்பதை நடுநிலையாளர் ஒப்புவர்.

இறுதி நாள்

சிறுவயதில் உறுதி கொண்டபடியே ஹேஸ்டிங்ஸ் 1788இல் டேல்ஸ்போர்டு நிலத்தை விலைக்கு வாங்கியிருந்தார். கும்பினியார் ஆண்டுக்கு 4,000 பவுன் உதவித்தொகையும் 50,000 பவுன் வட்டியில்லாக் கடனும் தந்தனர். 1813இல் கும்பினியின் உரிமையைப் புதுப்பித்தல் குறித்துச் சாட்சி கூற மக்கட்சபை அவரை அழைத்தது. எண்பதாண்டு முதியவர் வெளியேறும்போது, ஒருகால் குற்றஞ்சாட்டிய அச்சபையின் உறுப்பினர் தொப்பி களைந்து எழுந்து நின்றனர். 1818 ஆகஸ்டு 22ஆம் நாள் ஹேஸ்டிங்ஸ் உயிர் நீத்தார்.

விளைவு

வழக்குத் தோற்றதெனினும் பயனின்றிக் கழிந்ததன்று. அவர்க்குப்பின் 1786இல் வந்த காரன்வாலிஸ் பிரபு ஊழியர்க்குத் தக்க சம்பளம் வகுத்துத் தனி வாணிகத்தை விலக்கினார். இந்தியாவில் நடந்ததற்கு இங்கிலாந்தில் கணக்குக் கேட்பார் உளர் என்னும் அச்சம் அதிகாரிகள் நெஞ்சிற் புகுந்தது. 1806இல் மெல்வில் பிரபு கடற்படைப் பணத்தைத் தவறாகக் கையாண்டார் எனப் பெருவழக்கிற் சிக்கி விடுதலையானார். அவரே ஹென்றி டண்டாஸ் என்னும் பெயரால், முன்னர் இந்திய அலுவல்களை மேற்பார்த்த அமைச்சர். பிரிட்டனில் நிகழ்ந்த பெருவழக்குகளில் அதுவே இறுதி.

1786இல் பிரிட்டிஷார் கிழித்தெறிந்த சொத்துக் கணக்கு நெறி பின்னர் இருகரையிலும் உயிர்பெற்றது. விடுதலைக்குச் சில திங்கள் முன்னர் 1947இல் இந்தியாவில் பிறந்த ஊழல் தடுப்புச் சட்டம், வருவாய்க்கு மிஞ்சிய சொத்துக்கு அரசாங்க ஊழியர் தக்க காரணம் காட்டாராயின் குற்றம் செய்தவராகக் கொள்ளலாம் என்றது. அக்கருத்தை 1988ஆம் ஆண்டுச் சட்டமும் ஏற்றது. பிரிட்டனோ 2017இல் இயற்றிய சட்டத்தால், செல்வம் வந்த வழியை விளக்குமாறு சிலர்க்கு நீதிமன்றம் ஆணையிடும் முறையை வகுத்தது. இது சொத்தை மீட்பதற்கு வழியேயன்றித் தண்டனைக்கு வழியன்று. குடியேற்ற நாட்டிற் கடுமையாகவும் தாய்நாட்டில் மென்மையாகவும் நடந்த நெறி இன்னும் முற்றும் ஒருமைப்படவில்லை.

வாரன் ஹேஸ்டிங்ஸ் கொடியவரா நல்லவரா என ஒரு சொல்லில் தீர்ப்புக் கூற யாம் முற்படவில்லை. அறிவும் ஆற்றலும் கல்விப்பற்றும் உடையவர். கணக்கை இருளில் வைத்தவர். தம்மினும் கொடியோர் பலர் தப்பியபோது தாம் ஒருவர் அகப்பட்டவர். அவர் வரலாறு நமக்குணர்த்துவது வேறொன்று. வாங்குதற்கொரு படியும் கொடுத்தற்கொரு படியும் வைத்திருக்கும் வணிகனைத் திருமறை கடிந்துரைக்கின்றது. வள்ளுவப் பெருந்தகையார் சான்றோரைத் துலாக்கோலுக்கு ஒப்பிட்டார். தராசு பிழைபட்ட இடத்தில் நிறுக்கப்படும் பொருள் பொன்னாயினும் பதராயினும் அதன் உண்மை நிறை ஒருவர்க்கும் புலப்படாது. நந்தகுமார் குற்றவாளியா, ஹேஸ்டிங்ஸ் குற்றவாளியா என்பவை இன்றளவும் தீராத ஐயங்களாய் நிற்பதற்குக் காரணம், இருவரும் ஒரே தராசில் நிறுக்கப்படாமையே. நாளை நீதிமன்றங்களிலும் அலுவலகங்களிலும் தராசைக் கையிலேந்தப் போகும் மாணவ நண்பர்கள் இதனை மறவாதிருப்பாராக.